கையெழுத்து

ஹாமர்ஃபெஸ்ட்டில் ஜனவரி.
நடுப்பகலிலும் ஜன்னலில் நீலம்தான்.
துறைமுக விளக்குகளை நம்பி
நாள் நடக்கிறது.

யோருனுக்கு முதல் பிரசவம்.
மீன் ஆலையில் பெட்டி அடுக்குகிறவள்.
வலியையும் அடுக்கத்தான் பார்த்தாள்
ஒன்றின்மேல் ஒன்றாக,
மதியத்திலிருந்து பின்னிரவு வரை.

வெந்நீரில் பிழிந்த துணியைக்
கீழே ஒத்தடமாக வைத்திருந்தேன்.
என் வேலையில் பாதி இதுதான்:
ஒரு துணி ஆறுவதற்குள் இன்னொரு துணி.

தலை தெரிந்தது.
இடது கை அதன் உச்சியில்:
வா, ஆனால் ஓடி வராதே.
வலது கையின் பெருவிரலும் சுட்டுவிரலும்
இழுபட்டு வெளுத்த தோலை
இருபுறமிருந்தும் நடுவுக்குக் கூட்டின.
இனி முக்காதே யோருன்.
ஊது. கொதிக்கும் காப்பியை ஊதுவதுபோல்.

அவள் என்னைத் திட்டினாள்.
வடக்கத்திக் கெட்ட வார்த்தைகள்,
படகுக்காரர்களிடம் கற்றவை, முதல் தரம்.
திட்டிக்கொண்டே முக்க முடியாது.
திட்டட்டும்.

நெற்றி. மூக்கு. மோவாய்.
தோள் வரும்வரை கையை எடுக்கவில்லை.
பெண். மூன்று நாற்பத்திரண்டு.

வெளியே பார்த்தால் சின்னக் கிழிசல்.
நான்கு தையல் போதும் என்றது கண்.

கண்ணை நான் நம்பிய காலம் ஒன்று உண்டு.
ஒன்பது வருடம் முன்பு, வெங்கே.
அன்றும் கண் இதையேதான் சொன்னது.
என் ஷிஃப்ட் முடிந்திருந்தது,
கார் கண்ணாடியில் பனி இறுகிக்கொண்டிருந்தது.
'இரண்டாம் நிலை' என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.

வெங்கே ஆல்டாவுக்குப் பேருந்து ஓட்டியவள்.
அடுத்த வருடம்
டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருந்தாள்.
பேருந்து என்னாச்சு என்றேன்.
எனக்குப் பின்னால் வரிசையில்
யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு
சொன்னாள்:
"வந்தால் அடக்க முடிவதில்லை.
பெற்றவர்களுக்கெல்லாம் இப்படித்தானே?"

இல்லை.
அந்த இல்லையைச் சொல்ல
எனக்கு மூன்று நாள் ஆனது.

விளக்கை இழுத்துக் கிட்டே வைத்தேன்.
யோருன், இன்னும் ஒரு பரிசோதனை,
பின்வழியில் ஒரு விரல்.
நிறுத்தச் சொன்னால் நிறுத்துவேன்.
மகளின் தலையை முகர்ந்தபடி
"இன்னுமா" என்றாள்,
பிறகு தலையசைத்தாள்.

சுட்டுவிரல் உள்ளே, பெருவிரல் வெளியே.
நடுவில் சுருக்குத்தசை
கயிறுபோல் உருள வேண்டும்.
இறுக்கு என்றேன்.
கீழே இறுகியது. பக்கத்தில் இறுகியது.
மேலே, பன்னிரண்டு மணியின் திசையில்,
கயிறு இல்லை.
மெல்லிய ஒரு பள்ளம்.

இத்தனை துணி, இத்தனை பொறுமை,
அப்படியும்.
பதறாத காரியம் சிதறாது என்பார்கள்.
சிதறும், சிலபோது.
பதறாமல் தேடினால்
சிதறியதாவது கையில் கிடைக்கும்.

டாக்டர் ஹால்வ்டான்
ஸ்வெட்டரை உள்வெளியாகப் போட்டுக்கொண்டு வந்தார்.
அவரும் விரலால்தான் பார்த்தார்.
"மூன்றாம் நிலை. பாதிக்கு மேல்."
அறுவை அரங்கில் இடுப்புக்குக் கீழே மரத்துக் கிடந்தவளிடம்
அறுந்த முனைகளைத் தேடினோம்.
குளிர்ச்சட்டைத் தொப்பியின் நாடா
அறுந்ததும் துணிக்குள் ஓடி ஒளியும் அல்லவா,
அப்படி, ஆளுக்கொரு பக்கம் பதுங்கியிருந்தன.
பிடித்து இழுத்து, சேர்த்துத் தைத்தார்.
நான் நூல் வெட்டினேன்.

"கெட்ட செய்தியா?" என்றாள்,
திரைக்கு அந்தப் பக்கமிருந்து.
மலம் இளக மருந்து, சில வாரம்.
பிறகு தசைப் பயிற்சி.
எது கசிந்தாலும், காற்றே ஆனாலும்,
வெட்கப்படாமல் என்னைக் கூப்பிட வேண்டும்.
கேள்விக்கு இது பதில் இல்லை.
அவளும் மறுபடி கேட்கவில்லை.

ஆறேகாலுக்கு ஆல்டா பேருந்து
துறைமுகத்தைக் கடந்து போனது.
ஓட்டுவது யாரென்று
இங்கிருந்து தெரியாது.
எழுதியதை இன்னொரு முறை வாசித்துவிட்டுக்
கையெழுத்துப் போட்டேன்.