பத்திரத்தில் ஒரு பசு

தரகர் ஃபென்னா எனக்கு முதலில் காட்டியது
வீட்டை அல்ல.
காரை அணைத்துவிட்டு, "கேளுங்கள்" என்றாள்.
கேட்டேன்.
அணைக்கரை மேல் ஒரு செம்மறி இருமியது.
அதையும் விலையில் சேர்த்திருப்பார்கள்.

பதினேழு வருடம் ராட்டர்டாமில்,
டிராம் திரும்பும் முனைக்கு நேர் மேலே,
இரவுப்பணி முடித்து வந்து பகலில் தூங்கியவள் நான்.
இரும்பை இரும்பு கடிக்கும் அந்த வளைவில்
என் கனவுகளும் பாதியில் திரும்பிவிடும்.
ஆகவே லுட்யவீர்.
நாற்பத்தொரு வீடு, ஒரு கால்வாய்,
பூட்டியே கிடக்கும் தேவாலயம்,
வியாழன்தோறும் வந்து நிற்கிற மீன் வண்டி.
பேருந்து வேண்டுமென்றால்
முந்தின நாளே போன் செய்ய வேண்டும்.

பரிசோதகர் சட்டைப்பையிலிருந்து
ஒரு கோலிக்குண்டை எடுத்துக் கூடத்தில் வைத்தார்.
அது கொஞ்சம் யோசித்தது.
பிறகு சமையலறைப் பக்கம் நகர்ந்து,
வேகம் பிடித்து,
அடுப்புக்கு அடியில் மறைந்தது.
"களிமண். வீடு உட்காருகிறது" என்றார்.
"எத்தனை நாளாக?"
"கட்டிய நாளிலிருந்து."
குண்டை அவர் திரும்பக் கேட்கவில்லை.

தொகையை எழுதி உறையில் ஒட்டித் தரச் சொன்னார்கள்.
எத்தனை பேர் போட்டிக்கு, எவ்வளவுக்கு,
யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.
கேட்ட விலைக்கு மேல் பன்னிரண்டாயிரம் எழுதினேன்.
உறையை ஒட்டப்போன கை நின்றது.
கூட ஏழு யூரோ சேர்த்தேன்.
அந்த ஏழில்தான் வீடு எனக்கு விழுந்தது என்று
ஃபென்னா பிறகொரு நாள் உளறிவிட்டாள்.

மனம் மாறிக்கொள்ளச் சட்டம் மூன்று நாள் தருகிறது.
முதல் நாள் மாறினேன்.
இரண்டாம் நாள் மாறினதிலிருந்து மாறினேன்.
மூன்றாம் நாள் வேலை அதிகம்,
எட்டாம் வார்டில் இரண்டு பேர் போனார்கள்.

நோட்டரி பத்திரத்தை உரக்கப் படித்தார்,
மழை பெய்வதுபோல, யாருக்கென்று இல்லாமல்.
எல்லை, வரைபட எண், வடிகால் வரி.
பிறகு இது:
"பக்கத்து மனைக்காரர்
வெறுங்காலாகவோ, தள்ளுவண்டியோடோ,
கயிற்றில் பிடித்த ஒரு பசுவோடோ
இத்தோட்டத்தின் கிழக்கோரமாய்க் கால்வாய்க்குப்
போய்வர என்றென்றைக்கும் உரிமையுள்ளவர்."
பேனா என் கையில்.
"அவரிடம் பசு இருக்கிறதா?"
"பத்திரத்தில் இருக்கிறது" என்றார் நோட்டரி,
கையெழுத்துக்கு இடம் காட்டியபடி.

செப்டம்பர் போயிற்று. அக்டோபர் போயிற்று.
கிழக்கோரத்தில் யாரும் நடக்கவில்லை.
நான் அங்கே கீரை விதைக்கலாமா என்று
கோல் வைத்து அளந்துகொண்டிருந்தேன்.

நவம்பர் ஏழு, காலை பத்து.
பக்கத்து வீட்டு ஹார்ம் வீர்ட்ஸ்,
இஸ்திரி போட்ட கோட்டு, கழுத்தில் டை,
முன்னால் ஒரு காலி தள்ளுவண்டி.
என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.
கீச், கீச், கீச் என்று
கால்வாய் வரை போனார்.
தண்ணீரை ஒரு நிமிடம் பார்த்தார்.
எதையும் கொட்டவில்லை, எதையும் எடுக்கவில்லை.
வண்டியைத் திருப்பினார்.

"வருடத்துக்கு ஒரு தரம்" என்றார் வேலியருகே.
"நடக்காத பாதையைச் சட்டம் மறந்துபோகும்."
அப்படியெல்லாம் ஒரு வருடத்தில் மறக்காது என்று
நோட்டரி எனக்குச் சொல்லியிருந்தார்.
நான் சொல்லவில்லை.
அவருடைய கருப்புச் செருப்பில் என் தோட்டத்து ஈரம்.

"திரும்பி வரும்போது வண்டி காலிதானே,
இந்த இலைக்குவியலை ஏற்றிக்கொள்ளலாமா?"
நிஜமாகவே யோசித்தார், கோலிக்குண்டு மாதிரி.
"இல்லை" என்றார் கடைசியில்.
"பத்திரத்தில் இலை இல்லை."

கீச், கீச், கீச்.
அவர் கதவு சாத்துகிறவரை,
சாத்தின பிறகும் கொஞ்ச நேரம்.
பன்னிரண்டாயிரத்து ஏழு யூரோ கூடக் கொடுத்து
நான் வாங்கிய அமைதியில்
அந்த ஒற்றைச் சக்கரம்.

கொட்டகைக் கதவுக்குப் போட எடுத்த
எண்ணெய் டப்பா அப்போது
என் கையில்தான் இருந்தது.
நீட்டவில்லை.