ஏழாம் கலம்

தாலுகா ஆபீஸ் படிவத்தில்
ஏழாம் கலம்: மோதலுக்கான காரணம்.
இரண்டு விரற்கடை இடம் விட்டிருக்கிறார்கள்.
கிராம நிர்வாக அலுவலர் நான்.
மாலை நாலுக்குள் போய்ச் சேர வேண்டும்.

நண்டு விலை என்று எழுதினேன்.
கிலோ நானூறு, நூற்றெண்பதுக்கு இறங்கிய வாரம்.
ஆனால் விலை எல்லாருக்கும்தானே இறங்கியது.
அடித்தேன்.
ஒலிபெருக்கி என்று எழுதினேன்.
அதே குழாய், அதே பூவரச மரம்,
பதினாறு வருசமாய்க் கந்தூரிக்கும் கொடைக்கும் கத்துகிறது,
வாடகை வாங்குபவன் ஒருத்தன்தான்.
அடித்தேன்.

தொண்டிப் பக்கமிருந்து காரில் வந்தவர்கள்.
இதை எழுதச் சொல்லித்தான் இரு தரப்பும்
முதல் தடவையாக ஒரே குரலில் கேட்டது.
வந்தவர்கள் பேசியது நாற்பது நிமிடம்.
அவர்கள் உட்கார நாற்காலி போட்டது யார் என்று கேட்டேன்.
கடல் இரைச்சல் நன்றாகக் கேட்டது.

எஃப்.ஐ.ஆரில் நாலாவது பெயர் நாகூர்க்கனி.
"இவன் எந்தத் தரப்பு?" எஸ்.ஐ.க்குக் குழப்பம்.
பிள்ளை வேண்டி தர்காவுக்கு நடந்தவள்
தன் மகனுக்கு வைத்த பெயர் அது.
அவன் தூக்குவது காளியம்மன் சப்பரம்.
அவன் எறிந்தது சேகு நெய்னா வீட்டு ஓட்டில்.
அன்றிரவு எரிந்த வலைகளில் அவனுடையதும் இருந்தது.
அவனுடைய வல்லத்தில் ஓடுவது
சேகு நெய்னாவின் எஞ்சின்.
பாதிக்குப் பாதி. பத்திரம் கிடையாது.

வல்லம் மணலில் கிடந்தது.
எஞ்சின் வீட்டுக்குள் சாக்குப் போர்த்திக் கிடந்தது.
பதினோரு நாள்.

பன்னிரண்டாம் நாள் வாடை தணிந்தது.
உடைந்த ஓடுகளை எண்ண
விடியுமுன் போயிருந்தேன். இருபத்து மூன்று.
சேகு நெய்னா எஞ்சினை வாசல்வரை இழுத்தார்.
அதற்கு மேல் முடியாது, அது இரண்டாள் கனம்.
நின்றார்.
நாகூர்க்கனி தெருமுனையில் நின்றான்.
நான் ஓடுகளை இரண்டாம் முறை எண்ணினேன்.
பிறகு அவன் வந்து மறுமுனையைப் பிடித்தான்.
"டீசல் ஊத்தியாச்சா?"
"ஓட்டுக் காசை என் பங்குல கழிச்சிக்க."
அவ்வளவுதான் பேச்சு.
மீரா நாச்சியா வெளியே வரவில்லை.
அவள் உள்ளே தாழ்ப்பாள் போட்டது எனக்குக் கேட்டது.

இதற்கு முந்தைய நாற்பது வருசம்
ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்று
எந்தப் படிவமும் என்னைக் கேட்டதில்லை.
கேட்டிருந்தால்
எஞ்சினின் எடையை எழுதியிருப்பேன்.
அதுவும் முழுப் பதில் இல்லை.
அந்த எடை அன்றைக்கும் இருந்ததே,
கல் பறந்த அன்றைக்கு.

மூன்றே முக்கால்.
கலம் என்றால் மரக்கலமும்தான்.
இந்தக் கலத்தில் யாரை ஏற்றுவது, யாரை இறக்குவது?
'விசாரணையில் உள்ளது' என்று எழுதி
முத்திரை வைத்தேன்.

அந்த வீடியோ என் போனுக்கும் வந்தது.
நான் யாருக்கும் அனுப்பவில்லை.
முழுசாகப் பார்த்தேன்.
இன்னும் அழிக்கவில்லை.