பதினோராம் வலை

செவ்வாய்க்கிழமைகளில் சருகு எடுக்கப் போகிறேன்.
நான்கு குழாய்க்கால், நடுவே தொங்கும் கொசுவலை;
அப்படி முப்பது,
எங்கள் பழைய மிளகுத் தோட்டத்தில்.

தோட்டம் என்பது என் வாய்ப்பழக்கம்.
மற்றவர்களுக்கு இது கப்போயிரா,
வெட்டிப்போட்ட இடத்தில் தானாக எழுந்த காடு.
கொடிகளின் வேர் கறுத்து அழுகிய வருஷம்
கம்பங்களோடு சேர்த்துக் கொளுத்தினோம்.
ஜெனிவால்டோ வடக்கு மூலையில் வைத்தான்,
நான் தெற்கில்.
என் பக்கம்தான் நன்றாகப் பிடித்தது.
பிறகு மரவள்ளி, இரண்டு போகம்.
பிறகு அவன் பெலேமுக்குப் பஸ் ஏறினான்.
பிறகு ஒன்றுமில்லை, பதினெட்டு வருஷம்.

ஒன்றுமில்லை என்றா சொன்னேன்?
அந்த ஒன்றுமில்லாததை நிறுக்கத்தான்
இப்போது எனக்குச் சம்பளம்.

எம்பாஉபா இலை விழுந்தால்
யாரோ செருப்பை உதறியது போல் கேட்கும்.
அகன்ற கை, அடிப்புறம் வெளுப்பு;
காய்ந்ததும் விரல்களை மடக்கிக்கொள்ளும்,
கொடுக்க மனமில்லாதவள் மாதிரி.
ஆகஸ்டில் மழை விட்டதும்
காடு கணக்குப் பார்க்காமல் கொட்டும்.
கால் வைத்தால் கணுக்கால் வரை.
கீழே ஈரம்; அதற்கும் கீழே
வெள்ளை நூலாய்ப் பூசணம்
சருகோடு சருகைத் தைத்துக்கொண்டிருக்கும்.
இன்னும் ஒரு சாண் தோண்டினால்
நான் வைத்த நெருப்பின் கரி.

மூன்றாம் வலையை ஒடிவால்டோ கழற்றிப்போய்
இறால் பிடித்தான்.
கேட்டதும் தந்துவிட்டான், வாசனையோடு.
அந்த மாதம் அதில் எறும்புதான் அதிகம்.

இலை, சுள்ளி, பூவும் காயும், இதர:
பிரித்து, அறுபத்தைந்து டிகிரி அடுப்பில் மூன்று நாள்.
பிறகு தராசு.
ஆய்வுக்கூடத்து லுஸினேயா போன மாதம் சொன்னாள்:
"நஸில்டா, உன் காடு
கிழட்டுக் காட்டை எட்டிப் பிடித்துவிட்டது.
வருஷத்துக்கு விழும் எடை
இரண்டிலும் ஒன்றுதான்."
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
ஆற்றங்கரைக் காட்டின் சருகைக் கொட்டினால்
மேஜை முழுக்க முகங்கள்,
ஒன்றைப்போல் ஒன்றில்லை.
என்னுடையதில் ஏழோ எட்டோ பேர்,
திரும்பத் திரும்ப.
எடை வந்துவிட்டது.
ஊர் வரவில்லை.

இன்று பதினோராம் வலையில் ஒரு காய்.
கோழிமுட்டை நீளம், தோலில் வௌவாலின் பல்.
குமாரு.
துணிகளுக்கு நடுவே அதன் விதையைப் போட்டால்
வருஷம் முழுக்க மணக்கும்.
ஆற்றுக்கு இந்தப் பக்கம்
அந்த மரம் ஒன்றுகூட நிற்கவில்லை.

விதியில் சந்தேகமில்லை:
வலையில் விழுந்ததெல்லாம் அடுப்புக்கு.
மூன்று நாளில் விதையும் வெறும் எடையாகிவிடும்.

கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.
ஒரு முழம் தள்ளி விழுந்திருந்தால்
யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.
அந்த ஒரு முழத்தை நான் கொடுத்தேன்.
குதிகாலால் சருகை விலக்கி,
கரி தெரியும்வரை போகாமல்,
வைத்து மூடினேன்.

படிவத்தில், பூவும் காயும்: பூஜ்யம்.

லுஸினேயா,
இந்த மாதக் கணக்கில்
இருபது கிராம் காடு குறைகிறது.
தேடவேண்டாம்.
தெற்கு மூலையில்தான் இருக்கிறது.