மணல்-சாம்பல், எண் ஏழு

மிஸஸ் காப்ரால் கைபேசியை நீட்டினார்.
"இந்த நிறம் வேண்டும்."
சான்சிபார் கடல். உச்சி வெயில்.
படத்தின் இடது ஓரம் வெட்டப்பட்டிருந்தது.
வெட்டியதில் தப்பிய முழங்கை ஒன்று
வெயிலில் சிவந்து, கொஞ்சம் மயிரோடு.
யாருடையது என்று நான் கேட்கவில்லை.
குளம் பூசுகிறவன் கேட்பது
நீளம், அகலம், ஆழம்.

தண்ணீருக்கு நிறம் கடையில் விற்பதில்லை, மேடம்.
நான் தரைக்குப் பூசுவேன்,
மீதியை வானம் பார்த்துக்கொள்ளும்.
வெள்ளை மார்பிலைட் என்றால்
பல் வைத்தியர் கொப்பளிக்கத் தரும் நீலம்.
கறுப்பு என்றால் குளமே இருக்காது, கண்ணாடிதான்;
மைனா குனிந்து தன்னையே கொத்தும்.
மணல் நிறத்தில் பச்சை கலக்கும்,
உங்கள் சான்சிபார் அதில் கொஞ்சம் கிடைக்கும்.
ஆனால் இது உம்ஷ்லாங்கா.
மூன்று மணிக்குப் பக்கத்து அடுக்குமாடியின் நிழல்
வேலி தாண்டி வந்து இறங்கிவிடும்.
தினமும் முதலில் குளிப்பது அதுதான்.

ஏழு சில்லுகளை வாளியில் போட்டுக் காட்டினேன்.
வாளி பொய் சொல்லும், அதையும் சொன்னேன்.
ஒரு சாண் தண்ணீரில் எல்லாம் தன் நிறத்தில் இருக்கும்.
ஆழம் கூடக் கூடச் சிவப்புதான் முதலில் கிளம்பும்,
சொல்லிக்கொள்ளாமல்.
"கிளம்பிய பிறகு?"
மிஞ்சுவதைத்தான் நீலம் என்கிறோம்.
அவர் விரல் ஏழாவதில் நின்றது.

பூசும் நாளில் நானும் லுங்கேலோவும்
ஐந்தரைக்கே குழிக்குள் இருந்தோம்.
கரணையை நடுவில் வைத்துவிட்டு
டீ குடிக்கப் போகமுடியாத வேலை.
போனால் அந்த இடம் மட்டும் வெளுத்துக்கொண்டு
ஆயுசுக்கும் நம்மைக் காட்டிக்கொடுக்கும்.
குழாயைத் திறந்தால் நிரம்பும்வரை மூடக்கூடாது.
எங்கே நிறுத்துகிறோமோ அங்கே கோடு விழும்.

என் அப்பாவும் குளத்துக்கு நிறம் அடித்தவர்தான்.
அறுபத்தெட்டில், நகராட்சிக் குளம்.
அந்தத் தண்ணீரின் நிறம்
வாசல் பலகையில் எழுதியிருந்தது.
அடித்த கையோடு வெளியே வந்துவிட்டார்.

விளக்கு?
பன்னிரண்டு நிறம் மாறுவது கேட்டார் மிஸஸ் காப்ரால்.
கல்யாண மண்டபம் போல இருக்கும் என்றேன்.
சிரித்தார், முதல் தடவை.
மஞ்சள் வெளிச்சம் ஏழாம் எண்ணை
நேற்றைய ரசமாக்கிவிடும்.
சுத்த வெள்ளை ஆஸ்பத்திரி வராந்தா.
இரண்டுக்கும் நடுவே ஒன்று எடுத்து
வீட்டுப் பக்கச் சுவரில் பதித்து
வெளியே பார்க்க வைத்தேன்.
சன்னலில் நிற்பவர் கண்ணில்
பல்ப் விழக்கூடாது,
தண்ணீர்தான் விழவேண்டும்.

ஒப்படைக்கும் இரவு ஏழரைக்கு ஏற்றினோம்.
கைபேசியைத் தண்ணீருக்குப் பக்கத்தில் பிடித்து
இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார்.
"கிட்டத்தட்ட."
அந்தச் சொல்லை என்ன செய்வது என்று தெரியாமல்
கரணையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

எட்டு மணிக்கு லோட் ஷெடிங்.
பம்பு ஒரு முறை விக்கிவிட்டு நின்றது.
மேட்டின் வீடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் போயின.
தூரத்தில் துறைமுகத்துக்குக் காத்துக் கிடக்கும்
கப்பல்கள் மட்டும் எரிந்தன,
நம் அட்டவணை அவற்றுக்குத் தெரியாது.
அவர் கையில் சான்சிபார் எரிந்தது.
அதைக் கல்விளிம்பில் கவிழ்த்துவைத்து
செருப்பைக் கழற்றி
முதல் படியில் இறங்கினார்.
"இப்போது என்ன நிறம்?"

குந்தி உட்கார்ந்து பார்த்தேன்.
படி தெரியவில்லை. கால் தெரியவில்லை.
தெரியலை, மேடம்.
"குளிர்கிறது," என்றார்.
கேள்விக்கு அதுதான் விடை என்பது போல.

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
பில் எழுதினேன்.
பூச்சு: மணல்-சாம்பல், எண் ஏழு.
விளக்கு: ஒன்று.
நனைந்த கையால் கையெழுத்துப் போட்டார்.
காலையில் வேனில் எடுத்துப் பார்த்தபோது
பேர் பாதி கரைந்து
தாளில் பரவியிருந்தது,
ஓரத்தில் வெளிர்நீலமாக.