இருப்பு

மூன்றாவது குத்தலில்தான் நரம்பு கிடைத்தது.
"ஸாரி சேச்சி" என்றான் ஷிபின்.
செங்கோட்டையில், பரோட்டாக் கடைக்கு மேலே,
புனலூர்க்காரர்கள் நடத்தும் லேப்.
கீழே மாவு அறைபடும் சத்தத்தில்
என் ரத்தம் குழாயில் விழுந்தது கேட்கவில்லை.

உறையட்டும் என்று நிறுத்தி வைத்தான்.
சுற்றவிட்டான்.
மேலே தெளிந்ததை மட்டும் எடுத்து
ஐஸ் பெட்டிக்குள் வைத்தான்.
கஞ்சித் தெளிவின் நிறம்.
அதில் சி மூணு எவ்வளவு, சி நாலு எவ்வளவு
என்று பார்க்க வேண்டுமாம்.
"சூடு பட்டா கணக்கு தப்பிப்போகும்."
எனக்கும்தான் தம்பி.
வெயில் பட்டால் கன்னம் இரண்டும் சிவந்து
யாரோ அறைந்த மாதிரி ஆகிவிடும்.
யார் அறைந்தது என்று
புளியரையில் எல்லோரும் கேட்டாயிற்று,
என் மாப்பிள்ளையை ஒரு மாதிரி பார்த்தும் ஆயிற்று.

மூன்றே கால் வண்டியில், ஓட்டுநருக்குப் பின்னால்,
பெட்டி மலையேறிப் போனது.
நான் அப்போது செக்போஸ்டில் டியூட்டி.
அங்கே வாத்துகளுக்குக் காய்ச்சல்.
கேரளத்திலிருந்து இறங்கும் லாரி, வேன்,
காலிக் கூண்டு ஏற்றிய டெம்போ,
எல்லாவற்றின் டயருக்கும் மருந்து அடிப்பது என் வேலை.
போகிற வண்டிக்கு அடிப்பதில்லை.
எதிர்ப்பக்கமாய் என் ரத்தம் போயிற்று;
ஒருவரும் கைகாட்டி நிறுத்தவில்லை.

மறுநாள் சாயங்காலம் போனில் வந்தது ரிப்போர்ட்.
செய்யதலி பாத்து என்ற பேரில்
பாத்துவை விட்டுவிட்டார்கள்.
சைதலி, ஆண், முப்பத்தெட்டு.
மலையாளத்து ஆம்பிளை ஒருத்தன் பெயருக்குக் கீழே
சி மூணு: நாற்பத்தொன்று.
தொண்ணூறாவது இருக்க வேண்டும்.

புனலூர் டாக்டர் பொறுமையானவர்.
பாதித் தமிழும் பாதி மலையாளமுமாய்ச் சொன்னார்:
உடம்பில் ஒரு பட்டாளம் உண்டு,
அது ஆள் தெரியாமல் சொந்த வீட்டையே சுடுகிறது.
"பேடிக்கண்டா."
பட்டாளத்தை நான் கண்டதில்லை.
எனக்குத் தெரிந்தது டிரம்.

டிரம்மில் மருந்து குறைந்தால்
மருந்து வரவில்லை என்று அர்த்தமில்லை.
நிறைய அடித்திருக்கிறோம் என்று அர்த்தம்.
ஒரு ராத்திரி, சாரல் முகத்தில் அறைய,
எங்கள் துறை ஜீப்பையே நிறுத்தி
நாலு டயரும் நனைய அடித்துவிட்டேன்.
ஆபீசர் கண்ணாடியை இறக்கி
"நான்தாம்மா" என்றார்.

அப்படியானால் நாற்பத்தொன்று என்பது மிச்சம்.
மீதியெல்லாம் எங்கே செலவாயிற்று?
விரல் கணுக்களில். கன்னத்தில்.
தலை வாரினால் சீப்போடு வரும் முடியின் வேரில்.
சிறுநீரில் நுரை தட்டுவதைப் பார்த்தால்
கிட்னி வாசலிலும்.
நான்தாம்மா, நான்தாம்மா என்று
அது உள்ளிருந்து சொல்லியிருக்கும்.
இரைச்சலில் கேட்டிருக்காது.

மாத்திரை தந்திருக்கிறார்கள், மூன்று விதம்.
காலையில் தின்றால் ராத்திரிவரை வாய் கசக்கிறது.
மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம்.
இரவு டியூட்டி மாற்றிக் கேட்டேன், கிடைத்தது.
வெயில் இல்லை.
கோட்டைவாசல் காற்று மட்டும்
தார்ப்பாயைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்.

நேற்று விடியற்காலை
பதிவேட்டில் இருப்பு என்ற கட்டத்தில்
லிட்டர் கணக்கு எழுதி நீட்டினேன்.
கோயில்பிச்சை சார் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.
"முப்பது லிட்டர் டிரம்முல
நாப்பத்தொண்ணு எப்படிம்மா மிச்சம்?"

அடித்தேன். பன்னிரண்டு என்று எழுதினேன்.
திருத்தத்துக்குப் பக்கத்தில் கையெழுத்து வைக்கச் சொன்னார்.
வைத்தேன், பாத்து என்று,
அதை மட்டும்.