நீர்போகம்

தைப் பனிக்குத் தரை,
மாசிப் பனிக்கு மச்சு
என்று யாரோ கணக்கு எழுதிவைத்தார்கள்.
பங்குனிக்கு ஒன்றும் சொல்லிவைக்கவில்லை.
சொல்லியிருந்தால்
கிழங்குக்கு மண் அணைத்த கையோடு
மூடுசாக்குகளை மடித்துப்
பரணில் போட்டிருக்க மாட்டேன்.

சாயங்காலம் நஞ்சநாட்டில் காற்று நின்றது.
சும்மா நிற்கவில்லை,
எதையோ ஒட்டுக்கேட்கிற மாதிரி நின்றது.
மத்தியானம் தோலுரிய வெயிலடித்த வானத்தில்
பொட்டு மேகம் இல்லை.
சந்தேகத்துக்கு
எவர்சில்வர் தட்டில் தண்ணீர் ஊற்றி
வெளியே வைத்துவிட்டுப் படுத்தேன்.

இரண்டரை மணிக்கு விரலை வைத்தேன்.
தட்டு விரலைத் தடுத்தது.

குளிருக்கும் தண்ணீர்ப் புத்திதான், பள்ளம் தேடும்.
மேலே ரோட்டோரத் தேயிலைக்கு ஒன்றுமில்லை.
கீழே இறங்க இறங்க
புல் நொறுங்குகிற சத்தம்
எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது.

ஓடைக்கு ஒரு மோட்டார், வயல் இரண்டு.
ஒரு நாள் போஜனுக்கு, மறுநாள் எனக்கு.
அன்று அவர் முறை.
அவரோ மகள் பிரசவத்துக்குக் கோயம்புத்தூர் போயிருந்தார்.
மோட்டார் ரூம் சாவி என் இடுப்பில்.
மூன்று மணிக்கு வரவேண்டிய த்ரீ ஃபேஸ் கரண்டு
நாலரைக்குத்தான் வந்தது.
ஆறுக்குப் போய்விடும், அதில் மட்டும் தவறாது.

பனி தானாக இலையைக் கருக்குவதில்லை.
பனிமேல் விழும் வெயில்தான் கருக்குகிறது.
அதற்குள் கழுவிவிட வேண்டும்.
போஜன் வயலில் ஆறரைக்கெல்லாம் சூரியன் நிற்கும்.
என் வயலுக்கு ஏழு மணிவரை கற்பூரமர நிழல்.
மற்ற நாளெல்லாம் நான் திட்டுகிற மரங்கள்.

நல்லவள் என்று யாரும் நினைக்க வேண்டாம்.
வால்வை முதலில் என் பக்கம்தான் திருப்பினேன்.
நான்கு நிமிடம்.
ஸ்பிரிங்ளர் தலைகள் இருட்டில் இருமின,
பிறகு சுற்றின.
டார்ச் வெளிச்சத்தில் என் இலைகள்,
குத்தகைப் பணம், சொசைட்டிக் கடன்,
மேட்டுப்பாளையம் மண்டியில் சொல்லப்போகும் விலை
எல்லாம் ஒருமுறை நனைந்தன.

அப்போதுதான் காட்டுமாட்டைப் பார்த்தேன்.
போஜனின் பாத்திகளுக்கு நடுவில்,
முதுகு முழுக்க வெள்ளை பூத்து,
இரவெல்லாம் அங்கேயே நின்ற மாதிரி.
பயந்துபோய் டார்ச்சை அணைத்தேன்.
அணைத்த பிறகுதான்
அவருடைய வயல் எவ்வளவு வெளிச்சம் என்று தெரிந்தது.
ஒவ்வொரு இலையும் தனித்தனியாக.

வால்வைத் திருப்பினேன்.

தண்ணீர் பட்டதும் அது உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு
வீட்டைக் காலி செய்கிறவர் மாதிரி
அவசரமில்லாமல் ஓடையைத் தாண்டிப் போனது.

ஏன் என்று கேட்டால் பதில் இல்லை.
மாட்டை விரட்ட என்று சொல்லலாம்.
கை விறைத்துத்
தப்பான பக்கம் திருகிவிட்டேன் என்றும் சொல்லலாம்.
முறை அவருடையது என்பது
கடைசியாகத்தான் நினைவுக்கு வந்தது.

ஐந்தே முக்காலுக்கு என் பக்கம் மாற்றினேன்.
கால் மணி நேரம். கரண்டு போனது.
மிச்சத்துக்குக் குடம்.
வெயில் மரங்களுக்கு மேலே ஏறியபோது
ஒன்பது பாத்தி முடித்து
பத்தாவதில் நிறைகுடத்தோடு நின்றேன்.
அதற்குமேல் ஊற்றவில்லை.
கீழே இறக்கிவைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானத்துக்குள் மீதிப் பாத்திகள்
வெந்த கீரை நிறத்துக்கு வந்தன.
சாயங்காலம் கறுப்பு.

அந்தி சாய்ந்ததும் போஜன் கூப்பிட்டார்.
பெண் குழந்தை, மூன்று கிலோ.
"இங்கே புழுக்கம் தாங்கலை ரெஜினா,
ராத்திரியெல்லாம் ஃபேனுக்கு அடியில்
ஈரத்துண்டைப் போர்த்திக்கிட்டுக் கிடந்தேன்.
அங்கே எப்படி?"

"குளிர்தான்."

"பங்குனியிலயா!" என்று சிரித்தார்.
பின்னால் குழந்தை அழுதது.
இன்று யார் முறை என்று அவர் கேட்கவில்லை.
நானும் ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு
பரணிலிருந்து சாக்குகளை
ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தேன்.
வெளியே காற்று
மறுபடியும் நின்றிருந்தது.