ஏழாவது வரிசை

மோன்டெவிடியோவில் ஜூன்.
ஆற்றிலிருந்து கிளம்பும் காற்று
அடைத்த சன்னலிலும் ஒரு வழி வைத்திருக்கும்.
படத்தொகுப்பு மேசையில் நான்,
ஆறிப்போன மாத்தே,
அதில் சாய்ந்து நிற்கும் உலோகக் குழல்,
ஃபெர்மினின் பேய்ப்படம்
நூற்று நான்கு நிமிடம்.

நேற்று ஒரு பழைய அரங்கில்
அறுபத்திரண்டு பேருக்குப் போட்டுக் காட்டினோம்.
திரைக்கு மேலே ஓர் அகச்சிவப்புக் கேமரா
படத்தைப் பார்க்காமல்
அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.
இன்று நான் பார்ப்பது அதைத்தான்.
சாம்பல் முகங்கள், பூனைக்கு மினுங்குவதுபோல் கண்கள்,
இருட்டு இருக்கிற தைரியத்தில்
மூக்கு நோண்டும் ஒரு கனவான்.

முப்பத்தொன்றாம் நிமிடம். அலமாரிக் கதவு.
எல்லாத் தோள்களும் ஒரே கயிற்றில் இழுபட்டு எகிறுகின்றன.
உடனே சிரிப்பு,
தன்னைத் தானே தட்டிக்கொடுக்கிற சிரிப்பு.
சிந்திய சோளப்பொரியைப் பொறுக்குகிறார்கள்.
இது பயமில்லை.
முட்டியில் சுத்தியால் தட்டினால் கால் உதைக்குமே, அந்த ரகம்.
எட்டு நொடி மௌனம், பிறகு ஓர் அலறல்.
யார் சமைத்தாலும் வேகும்.

ஐம்பத்தாறாம் நிமிடம். நிலவறையிலிருந்து அது ஏறி வருகிறது.
அந்த ரப்பர்த் தோலுக்கு
வில்மார் நான்கு மாதம் தூங்கவில்லை.
மூன்றாம் வரிசைப் பெண்ணின் தாடையில்
கைப்பேசி வெளிச்சம்.
பாவம் வில்மார்.

எழுபதாம் நிமிடத்தில் ஒன்றுமில்லை.
ஒரு பையன் சூப் குடிக்கிறான்.
வாசல் பக்கம், சட்டகத்துக்கு வெளியே,
யாரோ சாவியைத் தட்டில் வைக்கும் சத்தம்.
கரண்டி பாதி வழியில் நிற்கிறது.
அவ்வளவுதான்.
இரண்டு பெரிய காட்சிகளுக்கு நடுவே
ஆள் கடந்துபோக நான் போட்ட பலகை.

ஏழாவது வரிசையில் ஒருவர்,
நரைத்த தாடி, மடியில் மேல்கோட்டு,
அலமாரிக்குக் கொட்டாவி விட்டவர்.
சாவி விழுந்ததும்
முதுகை நிமிர்த்துகிறார்.
கால்கள் நாற்காலிக்கடியில் ஒளிந்துகொள்கின்றன.
கைகள் மடிக்கு வந்து
ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன.
ஐம்பது வயது ஆள்
ஒன்பது வயதில் உட்கார்ந்திருக்கிறார்.

பின்னோக்கி ஓட்டினேன்.
ஆறு முறை சாவி, ஆறு முறை அவர்.

அப்பாவின் முகத்தை நாங்கள் எடுக்கவேயில்லை;
நடிகருக்குக் கொடுக்கக் காசில்லை.
அவர் தன் வீட்டிலிருந்தே
ஒரு முகம் கொண்டுவந்திருக்கிறார்.

ஃபெர்மின் அழைத்தான்.
"நெலீதா, நிலவறை எப்படி?"
பாதிக்கு மேல் வெட்டிவிட்டேன் என்றேன்.
கத்தினான். வில்மாரின் பெயரைச் சொல்லிக் கத்தினான்.
சாவிக்கு ஒன்றரை நொடி கூட்டியிருக்கிறேன் என்றேன்.
"சாவிக்கா? சாவியில் என்ன இருக்கிறது?"
பதில் வரவில்லை எனக்கு.
அலைபேசிக்குள் ஒரு பேருந்து
நிறுத்தத்தில் மூச்சு விட்டுப் போனது.

திரைக்கதையை எடுத்துப் பார்த்தேன்.
'அப்பா வருகிறார்' என்று மட்டும் இருக்கிறது.
சாவி இல்லை, தட்டு இல்லை.
ஒலிக்குறிப்பேட்டைப் புரட்டினேன்:
தகரத் தட்டு, மரமேசை, மெதுவாக.
'மெதுவாக'வின் கீழே இரண்டு கோடு.
என் கையெழுத்து.
எழுதிய நாள் நினைவிலில்லை.

இப்போது மணி இரண்டு.
ஒன்றரையை இரண்டாக்கினேன்,
மறுபடி ஒன்றரை.
இரண்டில் அது மிரட்டல்;
ஒன்றரையில், வழக்கமான ஒரு சாயங்காலம்.

அரங்கில் நானும் இருந்தேன்,
பன்னிரண்டாம் வரிசை, இடது ஓரம்.
கேமராவுக்கு அந்த மூலையும் எட்டும்.
எழுபதாம் நிமிடத்தில் நிறுத்தி
கொஞ்சம் பெரிதாக்கினால் போதும்.

மாத்தேவுக்கு வெந்நீர் வைக்கப் போகிறேன்.